இழுவைக் களத்தில் பழைய டீசல் எஞ்சின்

உழவனுக்குத் துணையாக வயலில் இறங்கிய டிராக்டர், உலகின் சில பகுதிகளில் விளையாட்டுக் களத்திலும் இறங்கி நிற்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் 'டிராக்டர் இழுவைப் போட்டி' என்பது ஊர்த் திருவிழாவுக்கு நிகரான ஒன்றாகும். அப்போட்டிகளுக்காக ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட டீசல் எஞ்சின்களைத் திருத்தி, அவை பிறந்தபோது பெற்றிருந்த ஆற்றலைப் பன்மடங்காகப் பெருக்குகின்றனர். அது எவ்வாறு இயல்கிறது, அதற்குக் கொடுக்கும் விலை யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ்த்துறை மலரில் எஞ்சினுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கதையும் கவிதையும் சொல்ல வல்ல மொழி, காற்றும் தீயும் இரும்பும் இயங்கும் முறையையும் சொல்ல வல்லதாதல் வேண்டும். அந்த நோக்கிலேயே இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

போட்டியின் தோற்றமும் முறையும்

எந்திரங்கள் வருமுன் குதிரைகளைப் பூட்டிப் பாரம் இழுக்கச் செய்யும் போட்டிகள் அமெரிக்க நாட்டுப்புறங்களில் நிகழ்ந்தன. 1929-ஆம் ஆண்டளவில் ஒஹையோ, மிசூரி ஆகிய மாநிலங்களில் குதிரைகளின் இடத்தை டிராக்டர்கள் பிடித்தன. ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டமையால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1969-இல் பல மாநிலத்தார் ஒன்றுகூடித் தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கத்தை நிறுவினர். ஒஹையோ மாநிலத்துப் பௌலிங் கிரீன் நகரில் 1967 முதல் நடந்துவரும் போட்டி இத்துறையில் பெரும்புகழ் பெற்றது.

தொடக்கத்தில் இழுக்கப்பட்டது ஒரு தட்டையான சறுக்குப் பலகையே. தடத்தின் இருமருங்கிலும் ஆட்கள் நிற்பர்; பலகை தம்மைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வர். தூரம் கூடக் கூடப் பாரமும் கூடும். வேகம் மிகுந்த காலத்தில் இம்முறை ஆபத்தாயிற்று. எனவே ஆட்களுக்கு மாற்றாகச் சறுக்கு வண்டி உருவாயிற்று. அதன் பின்புறம் சக்கரங்களும் முன்புறம் தரையில் தேயும் இரும்புத் தட்டும் இருக்கும். வண்டி நகரத் தொடங்கும்போது எடைப்பெட்டி பின்சக்கரங்களுக்கு மேல் நிற்கும். அச்சக்கரங்கள் சுழலச் சுழல, பற்சக்கரங்களின் துணையால் எடைப்பெட்டி முன்னோக்கி ஊர்ந்து தட்டின்மேல் வந்து அமரும். தட்டு மண்ணை அழுத்த, உராய்வு பெருகி, இறுதியில் டிராக்டர் நின்றுவிடும். 300 அடித் தொலைவை அல்லது ஐரோப்பிய முறைப்படி 100 மீட்டரை முழுதும் கடப்பது முழு இழுவை எனப்படும். எவரும் முழுதும் கடக்க இயலாதபோது மிகத் தொலைவு சென்றவர் வென்றவராவார்.

எடுத்துக்காட்டாக ஓர் எஞ்சின்

பொதுப்படப் பேசுவதினும் ஓர் எஞ்சினை முன்னிறுத்திப் பேசுவது தெளிவு தரும். ஜான் டீர் நிறுவனம் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் 1963 முதல் 1972 வரை உருவாக்கிய '4020' என்னும் டிராக்டர் அமெரிக்க உழவர்களின் பெருமதிப்பைப் பெற்றது. அதன் டீசல் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் உள. ஒவ்வொன்றின் விட்டமும் 4.25 அங்குலம்; பிஸ்டன் நகரும் தூரம் 4.75 அங்குலம், மொத்தக் கொள்ளளவு 404 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர். நிமிடத்திற்கு 2,200 சுழற்சிகளில் அது வேலை செய்யும். 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்துவரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் அது காட்டிய ஆற்றல் சுமார் 91 குதிரைத்திறன்.

இன்று சின்னஞ்சிறு கார் எஞ்சின்களும் இவ்வாற்றலை எளிதில் தருகின்றன. அங்ஙனமாயின் இப்பேரெஞ்சின் ஏன் இவ்வளவே தந்தது? நாள் முழுவதும் ஓய்வின்றி உழுதும் பல்லாண்டுகள் பழுதுபடாது உழைக்கவேண்டும் என்பதற்காகவே அதனை உருவாக்கியவர்கள் ஆற்றலை அடக்கிவைத்து இரும்பைத் தாராளமாக இட்டனர். அந்த அடக்கத்தில் ஒளிந்திருக்கும் இருப்பே போட்டியாளரின் முதலீடு.

ஆற்றல் எதற்கு?

போட்டிக்கு ஆற்றல் ஏன் தேவை என்பதில் ஒரு தவறான கருத்து பரவலாக உண்டு. ஆற்றல் கூடினால் இழுக்கும் விசை கூடும் என்று நினைக்கிறோம். உண்மையில் விசையின் எல்லையை வகுப்பது சக்கரத்திற்கும் மண்ணுக்கும் இடையிலான பிடியே. 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்று, இறுக்கிய களிமண் தடத்தில் தன் எடைக்கு நிகரான விசையுடன் இழுப்பதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். இழப்புகளை ஒதுக்கிவிட்டால், 91 குதிரைத்திறனைக்கொண்டு அவ்விசையை மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில்தான் செலுத்த முடியும். 400 குதிரைத்திறன் இருந்தாலோ அதே விசையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தலாம்.

ஆக, கூட்டிய ஆற்றல் வேகமாகவே வெளிப்படுகிறது. அவ்வேகத்தின் பயன் தடத்தின் இறுதியில் தெரியும். எடைப்பெட்டி முன்னே வந்து சறுக்கு வண்டி மண்ணைக் கவ்வும்போது சக்கரத்தின் பிடி போதாமற் போகிறது. அந்நேரத்தில் ஓடிவந்த வேகத்தின் உந்தமே கடைசிச் சில அடிகளைக் கடத்திச் செல்கிறது. வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அச்சில அடிகளிலேயே அடங்கியுள்ளன.

எரிபொருளைக் கூட்டுதல்

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் எளிது. காற்றை மட்டும் உள்ளிழுத்து வன்மையாக அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இன்றியே தானாகப் பற்றிக்கொள்ளும். எனவே டீசல் எஞ்சினில் ஆற்றலைக் கட்டுப்படுத்துவது உட்செல்லும் எண்ணெயின் அளவேயாகும்.

அவ்வளவை வகுப்பது இன்ஜெக்ஷன் பம்பு. அதைத் திருத்தி ஒவ்வொரு வீச்சிலும் மிகுதியான எண்ணெயைச் செலுத்துவதும், நாசிலின் துளைகளைப் பெரிதாக்குவதும், கவர்னரின் கட்டுப்பாட்டை மாற்றிச் சுழற்சி வேகத்தை உயர்த்துவதும் திருத்துவோரின் முதற்பணிகள். இவற்றோடு நேரமும் திருந்தவேண்டும். 2,200 சுழற்சியில் கிராங்க் 20 பாகை திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம் ஆகிறது. 4,000 சுழற்சியில் அதே 20 பாகை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. எண்ணெய் துளிகளாகச் சிதறி, ஆவியாகிப் பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் தேவையாதலால், வேகம் கூடும் எஞ்சினில் எண்ணெய் வீச்சை முற்கூட்டியே தொடங்கவேண்டும். அளவுக்கு மீறி முற்கூட்டினால் பிஸ்டன் மேலேறும் வழியிலேயே அழுத்தம் உச்சத்தை எட்டி எஞ்சினைத் தாக்கும்.

எண்ணெயைக் கூட்டுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் ஒரு பங்கு டீசல் முற்றிலும் எரிய எடையளவில் ஏறத்தாழ பதினான்கரைப் பங்கு காற்று வேண்டும். நடைமுறையில் காற்றும் எண்ணெயும் முற்றிலும் கலப்பதில்லையாதலால் அதனினும் மிகுதியாகவே வேண்டும். காற்று போதாதபோது எரியாத கரி கரும்புகையாக வெளிப்படுகிறது. வானை மறைக்கும் அப்புகையைக் கண்டு காண்போர் ஆர்ப்பரிக்கின்றனர். அறிந்தவர் கண்ணுக்கோ அது ஆற்றலாக மாறாமற்போன எண்ணெய்.

புகையோடு வெப்பமும் ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். எரியும் வாயுவின் வெப்பம் அதனினும் மிகப் பெரிது. பிஸ்டன் உருகாதிருப்பது, பெற்ற வெப்பத்தை வளையங்களின் வழியே லைனருக்கும், அடியிலுள்ள மசகெண்ணெய்க்கும் இடைவிடாது கடத்திவிடுவதால்தான். எரிபொருளை மட்டும் கூட்டினால் இச்சமநிலை குலையும். ஆகவே கைதேர்ந்தவர்கள் புகைபோக்கியில் வெப்பமானி பொருத்தி அதன் முள்ளைக் கண்காணிக்கின்றனர்.

காற்றைக் கூட்டுதல்

404 கன அங்குல எஞ்சின் 2,200 சுழற்சியில் நிமிடத்திற்கு உச்ச அளவாக 7,300 லிட்டர் காற்றையே உள்ளிழுக்க இயலும். இதனை மிகுவிக்கும் கருவி டர்போ சார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்தின் வழிவந்தது அது. வீணாகப் புறம்போகும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு விசிறி காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது.

பண்ணை டிராக்டரில் இதனைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றதில் முன்னோடி, 1961-இல் வெளிவந்த அல்லிஸ் சால்மர்ஸ் டி-19. ஜான் டீர் நிறுவனமும் இதே 404 கன அங்குல எஞ்சினுக்கு டர்போ பொருத்தி 4520 என்னும் டிராக்டரை உருவாக்கியபோது ஆற்றல் 120 குதிரைத்திறனைத் தாண்டியது. பின்னர் 1971-இல் வந்த 4620-இல் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பையும் சேர்த்தபோது அது சுமார் 135 ஆயிற்று. கொள்ளளவு மாறவில்லை, காற்றின் எடையே மாறியது. போட்டிக்காகத் திருத்துவோர் நடப்பதும் இதே பாதையில்தான். ஆனால் தொழிற்சாலை நின்ற இடத்தில் அவர்கள் நிற்பதில்லை.

குளிர்விப்பதன் சிறப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். 30 பாகை வெப்பமுள்ள காற்றை மூன்று மடங்கு அழுத்தத்திற்கு உயர்த்துவோம். நூற்றுக்கு எழுபது திறனுள்ள டர்போவில் அக்காற்றின் வெப்பம் 190 பாகையை எட்டும். சூடான காற்று விரிவடையும் இயல்பினது. எனவே அழுத்தம் மூன்று மடங்காயினும் சிலிண்டருள் செல்லும் காற்றின் எடை இரு மடங்கையும் முழுமையாக எட்டாது. அதே காற்றை 60 பாகைக்குக் குளிர்வித்தால் எடை 2.7 மடங்காகிறது. போட்டி டிராக்டர்களில் பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டி வழியே காற்றைச் செலுத்துவதும், காற்றுக் குழாயில் நீரை நுண்துளிகளாகத் தெளிப்பதும் இக்காரணம் பற்றியே. ஓட்டம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுவதால் ஒரு தொட்டிப் பனிக்கட்டியே போதுமானது. நாள் முழுதும் உழும் டிராக்டருக்கு இவ்வுபாயம் உதவாது.

தாங்கும் வலிமை

இதுகாறும் கண்டவை ஆற்றலைப் பிறப்பிக்கும் வழிகள். பிறந்த ஆற்றலைத் தாங்கச் செய்வதே கடினமான பணி.

ஒரு பிஸ்டனின் முகப்பரப்பு சுமார் 91 சதுர சென்டிமீட்டர். எரிதலின் உச்சத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கு என்று கொண்டால், அப்பிஸ்டன்மேல் விழும் விசை ஒன்பது டன்னுக்கும் மேல். அழுத்தம் இரட்டித்தால் பதினெட்டு டன்னுக்கு மேலாகும். அவ்விசை சிலிண்டர் ஹெட்டையும் அதே அளவில் மேல்நோக்கித் தள்ளுகிறது. பழைய போல்ட்டுகள் சிறிது நீண்டாலும் ஹெட் கேஸ்கட் கிழிந்து வாயு பீறிடும். ஆதலால் உயர்ந்த எஃகாலான ஸ்டட்டுகளை இட்டு, லைனரின் விளிம்பைச் சுற்றி உலோக வளையம் பதித்து அடைக்கின்றனர். சிலர் பிஸ்டன் தலையைக் குடைந்து அழுத்த விகிதத்தையே குறைக்கின்றனர். அதனால் உச்ச அழுத்தம் தணியும்; குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்ப மறுக்கும்.

அழுத்தத்தினும் கொடியது வேகம். சுழலும் பொருளிலும் மேலும் கீழும் பாயும் பொருளிலும் எழும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 2,200 சுழற்சியை 3,300 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கே கூடும். விசையோ இரண்டேகால் மடங்காகும். 4,000 சுழற்சியில் அது 3.3 மடங்கு. பிஸ்டன் உச்சிக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராடு இவ்விசையால் இழுபடுகிறது. அதன் போல்ட் ஒன்று அறுந்தால் ராடு எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். எனவே ராடுகளின் மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் தாக்கி உறுதியேற்றுகின்றனர். ஆறு ராடுகளையும் ஆறு பிஸ்டன்களையும் எடை போட்டுச் சமப்படுத்துகின்றனர். கிராங்கைச் சுழற்றிச் சமநிலை காண்கின்றனர்.

வால்வுகளுக்கும் இதே நெருக்கடி உண்டு. வேகம் கூடும்போது வலுவற்ற ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் மூட இயலாது. மேலேறி வரும் பிஸ்டன் அதனை இடித்துவிடும். போதாக்குறைக்கு டர்போவின் அழுத்தமும் உட்காற்று வால்வைப் பின்னிருந்து திறக்கப் பார்க்கிறது. ஆகவே ஸ்பிரிங்குகளும் மாற்றப்படுகின்றன.

ஒன்றைக் கூட்டினால் அதன் சுமையை ஏற்கும் மற்றொன்றையும் கூட்டியாகவேண்டும் என்பதை இவற்றால் அறிகிறோம். எஞ்சின் வலுத்தால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை இறுக்கினால் கியர்ப்பற்கள் முறியும். அவற்றை வலுப்படுத்தினால் அச்சு முறியும். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே.

பழமையை ஆராய்தல்

பழைய எஞ்சின் என்பதால் எல்லாவற்றிற்கும் முன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. அதுவே சோதனை. அரை நூற்றாண்டாக வெயிலிலும் பனியிலும் உழைத்த வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். கிராங்கையும் ராடுகளையும் காந்தமேற்றி இரும்புத்தூளைத் தூவினால் விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகத் திரளும். இந்த எஞ்சினின் லைனர்களைச் சுற்றி நேரடியாகக் குளிர்நீர் சூழ்ந்துள்ளது. பராமரிப்புக் குறைந்த எஞ்சினில் லைனரின் வெளிப்பக்கம் நீரால் அரிக்கப்பட்டு மெலிந்திருக்கக் கூடும். அதனைக் கழற்றிப் பாராது ஆற்றலைக் கூட்டுவது விரிசல் கண்ட சுவரின்மேல் மாடி எழுப்புவதை ஒக்கும்.

விதியும் உயிரும்

ஆற்றல் மிக்க எஞ்சின் உடையும்போது அது ஒரு வெடிகுண்டே. டர்போவின் விசிறி நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. அது சிதறினால் துண்டுகள் புகைபோக்கி வழியே மேலே பாயும். எனவே புகைக்குழாயின் உள்ளே ஒன்றுக்கொன்று குறுக்காக இரு போல்ட்டுகளைச் செலுத்தவேண்டும் என்பது விதி. மிகைவேகத்தில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சிதறக்கூடும். ஆகவே எஃகு ஃப்ளைவீலும் அதனைச் சூழக் காப்புக் கவசமும் கட்டாயம். எஞ்சினின் இருபுறமும் தகடுகள், ஓட்டுநருக்குத் தலைக்கவசமும் தீத்தாங்கும் உடையும், டிராக்டர் பின்புறம் கவிழாதிருக்க ஊன்றுசட்டங்கள் ஆகியவையும் உள.

இவற்றுள் ஒரு விதி தனியே நோக்கத்தக்கது. டிராக்டரின் காற்று வழியில் ஓர் அடைப்பான் இருக்கும். அதனின்று ஒரு கயிறு சறுக்கு வண்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். சங்கிலி அறுந்து டிராக்டர் தனியே பாய்ந்தால் கயிறு இழுபட்டு அடைப்பான் மூடிக்கொள்ளும். எண்ணெயை நிறுத்தாமல் காற்றை நிறுத்துவது ஏன்? டர்போவின் அடைப்பு கெட்டு மசகெண்ணெய் காற்றோடு கலந்து உட்சென்றால் எஞ்சின் அதனையே எரித்து ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்றின்றி எதுவும் எரியாது. அதனால் காற்றை அடைப்பதே நம்பத்தக்க வழி.

விதிகளுள் மற்றொரு வகை போட்டியின் நேர்மையைக் காப்பது. டிராக்டரின் எடை, எஞ்சின் கொள்ளளவு, டர்போக்களின் எண்ணிக்கை, அவற்றின் வாயளவு, கொக்கியின் உயரம் என ஒவ்வொன்றிற்கும் வகுப்பு வாரியாக எல்லை உண்டு. பழமையான டிராக்டர்களுக்கெனத் தனி வகுப்புகளும் உள. அவற்றுட் சிலவற்றில் ஓடும் வேகத்திற்கே வரம்பு கட்டியுள்ளனர். எல்லை இல்லையேல் பணம் மிக்கவனே வெல்வான். எல்லை உண்டேல் சிந்திப்பவனும் வெல்ல வழியுண்டு.

நிறைவாக

பழைய எஞ்சினைத் திருத்துவோர் முன் ஓர் அறக்கேள்வியும் நிற்கிறது. 4020 உற்பத்தி 1972-இல் நின்றது. அதன்பின் உடையும் ஒவ்வொரு பழைய வார்ப்பும் எஞ்சியிருக்கும் சிலவற்றின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. ஒரு மாலைப்பொழுதின் கைதட்டலுக்காக அதனைச் சிதைப்பது தகுமா என்று வினவுவோரும் உளர். கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடந்து பழைய இரும்பாய் எடைக்குப் போகவிருந்ததை மீட்டு உயிர்கொடுத்தோம் என்று விடையிறுப்போரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. வேறுபாடு திருத்துபவரின் பொறுமையில் இருக்கிறது. அளந்து, சோதித்து, தாங்கும் பகுதிகளை முதலில் வலுப்படுத்தி, அதன்பின் ஆற்றலைக் கூட்டுபவரிடம் பழைய எஞ்சின் பல்லாண்டு ஓடும். பம்பின் திருகை மட்டும் திருப்பிப் புகையைக் கண்டு மகிழ்பவரிடம் அது ஒரு பருவமும் தாங்காது.

மாணவர்கள் இதனின்று கொள்ளத்தக்கது எளிய உண்மையே. வலிமையைப் பெருக்கும் வழிகள் எவருக்கும் எளிதில் கிட்டுகின்றன. பெருகிய வலிமையைத் தாங்கும் உறுதியும், வேண்டும்போது அதனை நிறுத்தும் கட்டுப்பாடும் அரிதின் முயன்றே பெறத்தக்கவை. களத்தில் இறங்கும் டிராக்டரில் எஞ்சின் எவ்வளவு பெரிதாயினும், அந்த அடைப்பானும் கயிறும் சரியாக உள்ளனவா என்று நடுவர் சோதித்த பின்னரே அதனை ஓட விடுகின்றனர். அம்முறை எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று.